பட்டம் வாங்காத மேதை லாஞ்செஸ்டர்



ஜேம்ஸ் வாட்டைத் தெரியாதவர் நம் கல்லூரியில் இருக்க மாட்டார். ஓட்டோவையும் டீசலையும் செமஸ்டருக்குச் செமஸ்டர் எழுதிப் பாஸ் பண்ணுகிறோம். ஆனால் பிரேக் மிதிக்கும்போது வண்டி நிற்கிறதே, அந்த டிஸ்க் பிரேக்குக்கு 1902-லேயே காப்புரிமை வாங்கிய மனிதரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதிர்வு பற்றிய பாடத்தில் லாஞ்செஸ்டர் டேம்பர் என்று ஒரு வரி வரும். இரண்டு மார்க் கேள்வி. அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அதைத்தான் இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஃபிரெடரிக் வில்லியம் லாஞ்செஸ்டர் 1868-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி லண்டன் மாநகரின் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அவர்களில் நாலாவது இவர். தம்பி ஜார்ஜும் சகோதரர் ஃபிராங்கும் பிற்காலத்தில் இவரோடு தொழிலில் தோள் கொடுத்தவர்கள்.

படிப்பு விஷயத்தில் இவர் கதை நமக்கெல்லாம் ஆறுதல் தரும். சவுத்தாம்டனில் ஹார்ட்லி நிறுவனத்தில் படித்தார். பிறகு உதவித்தொகை பெற்று லண்டன் தெற்குக் கென்சிங்டனில் அறிவியல் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தியரி நிறைய, பட்டறை வேலை குறைவு. கையால் செய்து பார்க்காமல் என்ன பொறியியல் என்று நினைத்தாரோ என்னவோ, ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புக்கும் போனார். கடைசியில் 1888-இல் பட்டம் எதுவும் இல்லாமலே வெளியே வந்தார். கையில் சர்டிபிகேட் இல்லை. ஆனால் வரைபடம் போடத் தெரியும், கணக்குத் தெரியும், கை வேலை தெரியும். காப்புரிமை அலுவலகம் ஒன்றில் வரைவாளராக உட்கார்ந்தார்.

அடுத்து நடந்தது ஒவ்வொரு டிப்ளமோ மாணவனும் மனப்பாடம் பண்ண வேண்டிய சம்பவம். பர்மிங்காம் நகரில் ஃபார்வர்ட் கேஸ் எஞ்சின் கம்பெனி இவருக்கு வேலை கொடுத்தது. ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வேலையில் இருக்கும்போது இவர் செய்கிற எந்த முன்னேற்றமும் கம்பெனிக்கே சொந்தம் என்பதுதான் அது. வேலை கிடைச்சாப் போதும்னு நாமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்போம். இருபது வயதுப் பையன் லாஞ்செஸ்டர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்! அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. எஞ்சினின் வேகத்தை ஒரே சீராக வைக்கும் பெண்டுலம் கவர்னர் ஒன்றைக் கண்டுபிடித்து 1889-இல் காப்புரிமை பெற்றார். கேஸ் எஞ்சினைச் சுலபமாக ஸ்டார்ட் பண்ணும் சாதனத்துக்கும் காப்புரிமை வந்தது. இரண்டும் அவர் பேரில், பணமும் அவர் பையில். அந்தப் பணம்தான் பின்னால் கார் செய்ய முதலீடு ஆயிற்று.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கார் ஓட்டுவதே பெரும்பாடு. 1896 நவம்பர் வரை, மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்ட நாட்டில் 1895-இல் காருக்கு வரைபடம் போட்டு, 1896-இல் சாலையில் ஓட்டியும் காட்டினார் இவர். மற்றவர்கள் குதிரை வண்டியை எடுத்து, குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவரோ காரைக் காராகவே முதலிலிருந்து யோசித்தார். 

முதல் வண்டியில் ஒற்றை சிலிண்டர். உதறல் தாங்கவில்லை. அடுத்த எஞ்சினில் எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர்களையும், எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு கிராங்க் ஷாஃப்ட்டுகளையும் வைத்தார். ஒன்று கொடுக்கும் உதறலை மற்றொன்று தின்றுவிடும். இவர் வாழ்நாள் முழுக்க ஒரே எதிரியோடுதான் சண்டை போட்டார் என்று சொல்லலாம். அந்த எதிரியின் பேர் அதிர்வு.

1899 டிசம்பரில் பர்மிங்காமில் லாஞ்செஸ்டர் எஞ்சின் கம்பெனி பிறந்தது. பம்பாயில் பிறந்த எழுத்தாளர் கிப்ளிங் ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒருவர். பிற்காலத்தில் நம் நாட்டு மகாராஜாக்களும் லாஞ்செஸ்டர் கார்களை வாங்கினார்கள். ஆல்வார் மகாராஜாவுக்காக 1924-இல் ராஜரதம் போன்ற உருவத்தில் ஒரு கார் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இனி டிஸ்க் பிரேக்குக்கு வருவோம். அந்த நாளில் பிரேக் என்றால் சக்கரத்தின் மேல் கட்டையை அமுக்குவது, அல்லது டிரம்மைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்குவது. சூடு உள்ளேயே அடைபட்டுப் போகும். லாஞ்செஸ்டர் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மெல்லிய உலோகத் தட்டு ஒன்றை வைத்து, அதை இரண்டு பக்கமும் தாடை மாதிரி கவ்விப் பிடிக்கச் செய்தார். தட்டு காற்றில் திறந்து கிடப்பதால் சூடு உடனே வெளியேறும். 1902-இல் காப்புரிமை, அடுத்து அவர் கார்களிலேயே உபயோகம்.

சூடு என்றால் எவ்வளவு சூடு? நம் கணக்குப் போட்டே பார்ப்போம். 1200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வேகம் வினாடிக்கு 22.2 மீட்டர். பாதி எடை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், ஏறக்குறைய 2 லட்சத்து 96 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கத் தேவையான சூடும் ஏறக்குறைய அதேதான்! ஒரே ஒரு தடவை வண்டியை நிறுத்தினால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கிற சூடு சில வினாடிகளில் பிரேக்குகளில் இறங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையிலிருந்து இறங்கும் டிரைவர் எத்தனை தடவை பிரேக் போடுவார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

யோசனை அருமை, ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. டிஸ்க்கைக் கவ்வும் தாடைக்கு அன்று நல்ல லைனிங் கிடையாது. வேறு வழியில்லாமல் செம்பை வைத்தார். உலோகமும் உலோகமும் உரச, காதைப் பிளக்கும் கிரீச் சத்தம். சாலையோ மண் சாலை. புழுதி புகுந்து செம்பு சீக்கிரம் தேய்ந்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங்கைக் கொண்டுவந்தது அதற்குச் சில வருஷம் கழித்துத்தான். அதற்குள் உலகம் டிரம் பிரேக் பக்கம் போய்விட்டது. நம் அம்பாசடர் காரில் கூட வெகுகாலம் நாலு சக்கரத்திலும் டிரம்தான். 

அவர் காலத்தில் சத்தமும் தேய்மானமும் பிரச்சினை. நம் காலத்தில் அதே டிஸ்க்கில் உதறல் பிரச்சினை. நம் சேலம், நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் உதறுதுங்க என்பார்கள். உடனே வரும் தீர்ப்பு, டிஸ்க் வளைஞ்சுபோச்சு, மாத்திருங்க என்பதுதான். உண்மையில் டிஸ்க் அப்பளம் மாதிரி வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது கன வித்தியாசம். எங்கள் ஆட்டையாம்பட்டி கை முறுக்கைத் தெரியாதவர் உண்டா? சுற்றும் கை மாவின் கனத்தை ஒரே சீராக விடவில்லையென்றால், எண்ணெயில் ஓர் இடம் கருகும், ஓர் இடம் வேகாமல் நிற்கும். டிஸ்க்கும் அப்படித்தான். சுற்றி வரும்போது ஓர் இடம் கனமாகவும் ஓர் இடம் மெலிந்தும் இருந்தால், கனமான இடம் வரும்போதெல்லாம் பேடு தள்ளப்படும், பெடல் காலை உதைக்கும். இதற்கு 20 மைக்ரான் வித்தியாசமே போதும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை!

எப்படி இந்த வித்தியாசம் வருகிறது? டிஸ்க் ஹப்பின் மேல் நேராக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஹப் முகத்தில் துரு இருக்கலாம், அல்லது வீல் நட்டை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருக்கலாம். அப்போது டிஸ்க் ஆடி ஆடிச் சுற்றும். பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை லேசாக உரசும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அந்த இடம் தேய்ந்து மெலியும். அல்லது பேடின் பொருள் அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதிகச் சூடான இடத்தில் வார்ப்பிரும்பு கெட்டியாக மாறிவிடும். அந்த இடம் மற்ற இடம் போலத் தேயாது. ஆகவே உதறல் என்பது நோய்க்குறிதான். நோய் வேறு எங்கோ இருக்கிறது.

என் மாமாவின் வாடகைக் காரில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். 80-இல் போகும்போது பிரேக் தொட்டால் ஸ்டியரிங் கையை உதறும். ஒரு பட்டறையில் முன் டிஸ்க் இரண்டையும் மாற்றினார்கள். சரியாயிற்று. நாலைந்து மாதத்தில் மறுபடி உதறல். மறுபடி புது டிஸ்க். மறுபடி உதறல். வாடகை வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு இரண்டு முறை டிஸ்க் செலவு என்பது சின்ன விஷயமா? கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் டயல் கேஜை எடுத்தார். டிஸ்க்கை எல்லா நட்டும் போட்டு இறுக்கி, ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே முனையை வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் 15 கோடு ஆடியது. அதாவது 0.15 மில்லிமீட்டர். டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தில் துருத் திட்டு! கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தம் பண்ணி மறுபடி மாட்டினார். முள் 4 கோடுதான் ஆடியது. டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போகாதபடி லேத்தில் மெல்லிசாகக் கடைந்து, வீல் நட்டை டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் இரண்டு தவணையாக இறுக்கினார். அதற்குப் பிறகு அந்த வண்டி உதறவில்லை. தப்பு டிஸ்க்கில் இல்லை, அளக்காமல் மாற்றியதில்தான் இருந்தது.

நண்பர்களே, நாளைக்கு நீங்கள் பட்டறையில் நிற்கும்போது உபயோகப்படும் என்பதால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் டிரைவரிடம் கேளுங்கள், உதறல் எப்போது வருகிறது என்று. பிரேக் தொடாமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறினால், வீல் பேலன்ஸையும் டயரையும் பாருங்கள். பிரேக் போட்டால் மட்டும் என்றால் பிரேக்கைப் பாருங்கள். ஸ்டியரிங் உதறினால் முன்பக்கம். சீட்டும் பாடியும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின்பக்கம். திடீர் பிரேக்கில் பெடல் படபடவென்று அடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, கோளாறு அல்ல. பிறகு சக்கரத்தைத் தூக்கி வீல் பேரிங், பால் ஜாயிண்ட், டை ராடு, ஆர்ம் புஷ் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். காலிப்பர் பின் தாராளமாக நகருகிறதா என்று கையால் நகர்த்திப் பாருங்கள். அதன் பிறகு டயல் கேஜ். அதற்கும் பிறகு மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் கனம் அளந்து எழுதுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். பல வண்டியில் அதிலேயே குறையும். அனுமதிக்கப்பட்ட அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிஸ்க் மாற்றும் பேச்சு.

டிரைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குங்கள். கீழே வந்தவுடன் கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் அடிக்காதீர்கள்.

மீண்டும் நம் நாயகரிடம் போவோம். மேதைக்கு வியாபாரம் ஒத்து வரவில்லை. கையில் முதல் போதாமல் 1904-இல் கம்பெனி கடனில் மூழ்கியது. கம்பெனி புதுப் பேரில் எழுந்து நின்றது, ஆனால் பிடி இவர் கையை விட்டுப் போயிற்று. கார் வடிவமைக்கும் பொறுப்பு மெல்ல மெல்லத் தம்பி ஜார்ஜின் கைக்கு மாறியது. இவர் டைம்லர் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார். அங்கேயும் பழைய எதிரியை விடவில்லை. கிராங்க் ஷாஃப்ட் முறுக்கி அதிர்வதை அடக்கும் டேம்பரை உருவாக்கினார். நாம் இரண்டு மார்க்குக்கு எழுதுவது அதுதான். நாலு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தை, எஞ்சினைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ஷாஃப்ட்டுகளால் சமன் செய்யலாம் என்றும் காட்டினார். ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி 1970-களில் தன் எஞ்சின்களில் பெருமையோடு கொண்டுவந்த பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு மூலக் கருத்து இவருடையதே.

காரோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. விமான இறக்கை எப்படித் தூக்குவிசை பெறுகிறது என்று 1890-களிலேயே யோசித்து எழுதினார். அறிஞர் சபைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. சோர்ந்து போகாமல் 1907-இலும் 1908-இலும் இரண்டு பெரிய புத்தகங்களாக வெளியிட்டார். இன்று அந்தக் கொள்கைக்கு ஜெர்மானிய அறிஞர் பிராண்டல் பேரோடு இவர் பேரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 

1914-இல் போரையே கணக்காக்கினார். ஒரே மாதிரி ஆயுதம் உள்ள இரண்டு படைகளில் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார். 5 பேரும் 4 பேரும் மோதினால், 25-இல் 16 போக 9, அதன் வர்க்கமூலம் 3. நாலு பேரும் விழும்போது எதிர்ப்பக்கம் மூன்று பேர் மிஞ்சுவார்கள். இன்றைக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று நாம் படிக்கும் பாடத்தின் முன்னோடிகளில் ஒருவர் இவர். 1922-இல் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக ஏற்றது. பட்டம் இல்லாமல் வெளியே வந்த மாணவன் அடைந்த இடத்தைப் பாருங்கள்!

கடைசிக் காலம்தான் மனதைப் பிசைகிறது. 1919-இல் டோரோத்தியா என்ற பெண்மணியை மணந்தார். குழந்தைகள் இல்லை. சொந்தமாக ஆரம்பித்த ஆராய்ச்சிக்கூடமும் லாபம் தரவில்லை. பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்தது. உலகத்து எஞ்சின்களின் நடுக்கத்தை நிறுத்திய மனிதரால் தன் கை நடுக்கத்தை நிறுத்த முடியவில்லை. பார்வையும் மங்கியது. பதக்கங்கள் வந்தன, பணம் வரவில்லை. குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கே அறநிதி உதவி தேவைப்பட்டது. 1946 மார்ச் 8-ஆம் தேதி பர்மிங்காமில் கண்ணை மூடினார்.

ஏழே வருஷம். 1953-இல் பிரான்சு நாட்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் வென்றது. 1955-இல் சித்ரோன் டிஎஸ் கார் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கோடு சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு உலகம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நம் தமிழ்நாட்டிலேயே பிரேக் செய்கிறது. இன்று நம் பைக்கிலும் டிஸ்க், காரிலும் டிஸ்க். பார்க்கத்தான் அவர் இல்லை.

இன்னொரு செய்தியைச் சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1970-இல் ஒரு கல்விக்கூடத்துக்கு லாஞ்செஸ்டர் பாலிடெக்னிக் என்று பேர் வைத்தார்கள். ஆமாம், நம்மைப் போலவே ஒரு பாலிடெக்னிக்! அது 1992-இல் கவென்ட்ரி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் நூலகம் இவர் பேரைத் தாங்கியது.

டிப்ளமோதானே என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் நாம் வாடிப் போகிறோம். லாஞ்செஸ்டர் கையில் அதுகூட இல்லை. அவரிடம் இருந்தது மூன்று. கேள்வி கேட்கும் மனசு, அளந்து பார்க்கும் கை, தன் உழைப்பின் உரிமையை விட்டுக்கொடுக்காத துணிச்சல். நம் திருச்செங்கோட்டு ரிக் பட்டறையிலும், நாமக்கல் பாடி கட்டும் கூடத்திலும், சேலத்து லேத்துக் கடையிலும் இந்த மூன்றும் செல்லும். அடுத்தவர் உயிர் நாம் இறுக்கும் நட்டில் இருக்கிறது. அடுத்தவர் காசு நாம் சொல்லும் தீர்ப்பில் இருக்கிறது. அளந்து சொல்வோம், அறிந்து மாற்றுவோம். அதுவே அந்த மேதைக்கு நாம் செய்யும் மரியாதை.

வாழ்க தொழிற்கல்வி! வளர்க நம் மாணவர் மன்றம்!

– மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன், ஆட்டையாம்பட்டி